இருபொருள் பேச்சும் அதன் யோக்கியதையும்

கோவில்பதாகையிலிருந்து ஒரு தோழர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். தமக்கு வந்த வக்கீல் நோட்டீஸ் ஒன்றில், தாம் முன்பு கொடுத்த பதிலைப் பற்றி "இக்விவோக்கல்" என்று ஒரு இங்கிலீஷ் வார்த்தை போட்டிருப்பதாகவும், அகராதியைப் புரட்டினால் "இருபொருள்படுகிற" என்று கண்டிருப்பதாகவும், தாம் சிலேடை எதுவும் பாடவில்லையே, தம்மை ஏன் இந்த வார்த்தையால் குறிக்க வேண்டும் என்றும் அவர் கேட்கிறார். கேள்வி ஒரு வார்த்தையைப் பற்றியதுதான் என்றாலும், நம் நாட்டில் சொல்லால் நடக்கிற வியாபாரம் எவ்வளவு, அதில் யார் லாபமடைகிறார்கள், யார் ஏமாறுகிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போனால் வெளியாகிவிடும் என்பதால், இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதலாமென்று கருதுகிறோம்.

முதலில் வார்த்தையின் பிறப்பைக் கவனிப்போம். இது லத்தீன் பாஷையிலிருந்து இங்கிலீஷுக்குப் போனது. "ஈக்வஸ்" என்றால் சமமான என்று அர்த்தம். "வோகாரே" என்றால் அழைத்தல். இரண்டும் சேர்ந்து "ஈக்விவோகஸ்", அதாவது ஒரே பெயரால் அழைக்கப்படுவது. ஒரு தெருவில் இரண்டு முருகேசன்கள் இருந்து, யாரோ ஒருவர் "முருகேசா" என்று கூப்பிட, இருவரும் திரும்பிப் பார்ப்பார்களே, அவ்வளவுதான் ஆதியில் இந்த வார்த்தையின் பொருள். இதில் குற்றமும் இல்லை, சூதும் இல்லை. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தமது "கேட்டகரீஸ்" என்னும் நூலைத் தொடங்கும்போதே இந்த விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார். உயிருள்ள மனிதனையும், படத்தில் எழுதிய உருவத்தையும் ஒரே பெயரால் அழைக்கிறோம், பெயர் ஒன்றே தவிரப் பொருள் வேறு என்பது அவர் எடுத்துக்காட்டு. (கல்லில் செதுக்கியதற்கும் உலகத்தைப் படைத்ததாகச் சொல்லப்படுவதற்கும் ஒரே பெயர் வைத்து அழைத்து, ஒன்றுக்குப் படைத்தது மற்றொன்றுக்குப் போய்ச் சேருகிறது என்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.) கி.பி. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த போயீதியஸ் என்பவர் அதை லத்தீனில் எழுதும்போது இந்த "ஈக்விவோகஸ்" என்னும் சொல்லைக் கையாண்டார். அதிலிருந்து 1600ஐ ஒட்டி அது இங்கிலீஷில் "இக்விவோக்கல்" என்று புழங்கத் தொடங்கிற்று.

இதற்கு ஒரு பங்காளி வார்த்தையும் உண்டு. அதன் பெயர் "ஆம்பிகுவஸ்". "ஆம்பி" என்றால் இரு பக்கமும், "ஆகெரே" என்றால் ஓட்டுதல். ஒரு மாட்டை இந்தப் பக்கம் ஒருவன் ஓட்ட, அந்தப் பக்கம் இன்னொருவன் ஓட்ட, மாடு நடுவிலே நின்று விழிக்கிற நிலைமை என்று வைத்துக்கொள்ளலாம். தமிழிலே இதற்கு மிகப் பொருத்தமாகக் "கவர்பொருள்" என்று ஒரு சொல் இருக்கிறது. கவர் என்றால் கிளை பிரிந்து போவது. கவட்டைக் கிளையைப்போல ஒரு சொல் இரண்டாகப் பிரிந்து போகிறது என்பது கருத்து.

இந்த இரண்டு பங்காளிகளுக்கும் அகராதியில் ஏறக்குறைய ஒரே அர்த்தந்தான் போட்டிருக்கும். ஆனால் உலக வழக்கத்தில் வித்தியாசம் உண்டு. எழுதத் தெரியாமலோ கவனக்குறைவாலோ ஒரு வாக்கியம் இரண்டு விதமாக அர்த்தப்பட்டால் அதை "ஆம்பிகுவஸ்" என்பார்கள். பிற்பாடு எந்தப் பக்கம் சௌகரியமோ அந்தப் பக்கம் சாய்ந்துகொள்ளலாம் என்று தெரிந்தே ஒருவன் பேசினால் அதை "இக்விவோக்கல்" என்பார்கள். ஒரே பெயர் உடையது என்ற சாதாரணப் பொருளில் பிறந்த வார்த்தை, பிடிகொடாமல் பேசுகிறவனுக்குப் பட்டமாகப் போய் முடிந்தது. தோழருக்கு நோட்டீஸ் எழுதிய வக்கீல் சொல்வதும் இதுதான். அதாவது, நீர் கடன் வாங்கினேன் என்றும் சொல்லவில்லை, வாங்கவில்லை என்றும் சொல்லவில்லை, நழுவுகிறீர் என்பது அவர் குற்றச்சாட்டு. அது உண்மையா பொய்யா என்பது வேறு விஷயம்.

இதே வார்த்தை இன்னொரு இடத்திலும் தோழர்கள் கண்ணில் படக்கூடும். டெங்கு காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்தால், சில சமயம் முடிவுச் சீட்டில் "உண்டு" என்றும் இல்லாமல் "இல்லை" என்றும் இல்லாமல் "இக்விவோக்கல்" என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். அங்கே அது திட்டு அல்ல. கருவி காட்டிய அளவு இரண்டு எல்லைக்கும் நடுவில் நிற்கிறது, சில நாள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்பது பொருள். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளுகிற யோக்கியமான பேச்சு அது. வக்கீல் சீட்டில் வசவாயிருக்கிற சொல், ஆஸ்பத்திரிச் சீட்டில் நாணயமாயிருக்கிறது. ஆகவே ஒரு பேச்சு இரண்டு பக்கம் பார்க்கிறது என்பது மட்டும் குற்றமல்ல. பேசுகிறவன் அதை ஒளிக்கிறானா, சொல்லிவிட்டுச் செய்கிறானா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சிலேடைக்காரர்கள் சொல்லிவிட்டுச் செய்கிறவர்கள். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் பாடினார். பாம்பையும் வாழைப்பழத்தையும் பாடினார். வைக்கோலையும் யானையையும் பாடினார். பாட்டின் தலைப்பிலேயே இன்னதுக்கும் இன்னதுக்கும் சிலேடை என்று போட்டிருக்கிறது. கேட்கிறவன் இரண்டு அர்த்தத்தையும் கண்டு சிரித்துவிட்டுப் போகிறான். வாழைப்பழம் என்று நினைத்துப் பாம்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவன் ஒருவனும் இல்லை. தண்டியலங்காரம் இதைச் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என்று வகுத்தும் வைத்திருக்கிறது. சொல்லைப் பிரிக்காமலே இரண்டு பொருள் தருவது ஒன்று, வேறு வேறு இடத்தில் பிரித்தால் வேறு வேறு பொருள் தருவது மற்றொன்று. இந்த வேலையால் வயிறு நிறையுமா என்று கேட்டால் நிறையாதுதான். ஆனாலும் சீட்டாட்டத்தைவிட மூளைக்கு நல்லது. இன்றைக்குச் சினிமாக் கொட்டகையில் "டபுள் மீனிங்" என்று பேர் பண்ணிக்கொண்டிருப்பது இந்தச் சிலேடையின் அழுகிப்போன எச்சம். அங்கே இரண்டு பொருள் என்பதே பெயருக்குத்தான். எல்லோருக்கும் கேட்பது ஒரே பொருள், அதுவும் பெண்களை இழிவுபடுத்துகிற பொருள்.

நிற்க. தமிழ் இலக்கணக்காரர்கள் இந்த விஷயத்தில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதை நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை. தமிழிலுள்ள இலக்கண நூல்களில் மிகப் பழையதான தொல்காப்பியம், சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே, பல பொருள் தரும் ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறது. "மா" என்றால் மாமரம். மா என்றால் குதிரை முதலிய விலங்கு. "மா பூத்தது" என்றால் மரம் என்று யாருக்கும் தெரியும். "மா ஓடிற்று" என்றால் விலங்கு என்று தெரியும். ஆனால் "மா வீழ்ந்தது" என்றால் மரமும் விழும், குதிரையும் விழும். அப்பொழுது என்ன செய்வது? கேட்கிறவன் புத்திசாலித்தனத்தால் ஊகித்துக்கொள்ள வேண்டும் என்றா இலக்கணம் சொல்லுகிறது? இல்லை. தான் எதைக் கருதுகிறானோ அதைச் சொல்லுகிறவனே விளங்கச் சொல்ல வேண்டும், "மாமரம் வீழ்ந்தது" என்று சொல்ல வேண்டும் என்பது அங்கே கண்ட விதி. பொறுப்பு பேசுகிறவன் தலைமேல் விழுகிறது, கேட்கிறவன் தலைமேல் அல்ல. இந்த ஒரு விதியை மட்டும் நம் நாட்டில் கோவிலிலும், கச்சேரியிலும், சர்க்கார் ஆபீசிலும், தேர்தல் மேடையிலும் அமுலுக்குக் கொண்டுவந்தால் எத்தனை பேர் பிழைப்புக் கெட்டுப்போகும் என்பதை வாசகர்களே எண்ணிப்பார்க்கட்டும்.

பிற்காலத்து நன்னூலோ இன்னும் ஒரு படி தெளிவாக இருக்கிறது. நூலுக்கு அழகு செய்யும் உத்திகள் முப்பத்திரண்டில் "இரட்டுற மொழிதல்" என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது. அதே நன்னூல், நூலில் இருக்கக்கூடாத குற்றங்கள் பத்தில் "மயங்க வைத்தல்" என்பதையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. இதுவோ அதுவோ என்று படிக்கிறவன் தடுமாறும்படி எழுதுவதுதான் மயங்க வைத்தல். இரண்டு பொருளும் வேண்டுமென்று இரண்டையும் தெரியக் கொடுத்தால் அது உத்தி. ஒரு பொருளை எடுத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் எதை எடுப்பது என்று தெரியாமல் திணறவிட்டால் அது குற்றம். வக்கீல் நோட்டீஸில் கண்ட அந்த இங்கிலீஷ் வார்த்தைக்குத் தமிழ் வேண்டுமானால் "மயங்க வைக்கிற" என்பதைவிட நல்லது ஒன்று நமக்குத் தோன்றவில்லை.

இந்த மயங்க வைக்கும் வித்தையை ஆதியில் தொழிலாகக் கொண்டவர்கள் யார் என்றால், எல்லா நாட்டிலும் சாமியின் பேரால் குறி சொன்னவர்களேயாவார்கள். கிரேக்க நாட்டில் டெல்ஃபி என்ற இடத்தில் அப்போல்லோ சாமியின் கோவிலில் ஒரு பெண் ஆவேசம் வந்து குறி சொல்லுவாள். லிடியா நாட்டு அரசன் குரோசஸ் என்பவன், பாரசீகர்மேல் படையெடுக்கலாமா என்று ஏராளமான பொன்னும் வெள்ளியும் காணிக்கை அனுப்பிக் கேட்டான். நீ படையெடுத்தால் ஒரு பெரிய ராஜ்யத்தை அழிப்பாய் என்று குறி வந்தது. குரோசஸ் சந்தோஷமாகப் படையெடுத்தான், தோற்றான், கி.மு. 546ஐ ஒட்டி அவன் ராஜ்யமே அழிந்தது. பிறகு அவன் ஆள் அனுப்பி, இப்படிச் செய்யலாமா என்று சாமியைக் கேட்டபோது, எந்த ராஜ்யம் என்று நீயல்லவா மறுபடியும் கேட்டிருக்க வேண்டும் என்று பதில் வந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். பார்த்தீர்களா சாமர்த்தியத்தை! காணிக்கை வாங்கியது கோவில், விளங்கச் சொல்லாதது கோவில், ஆனால் குற்றவாளி மட்டும் கேட்டவன். தொல்காப்பியர் போட்ட விதிக்கு இது நேர் தலைகீழ்.

நம்மூர்க் கதை ஒன்றையும் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்டவர்களுக்கு ஜோசியன் ஒரு ஓலையில் "ஆணல்ல பெண்" என்று எழிதி மூடி வைத்துவிடுவான். பெண் பிறந்தால் "ஆணல்ல, பெண்" என்று படிப்பான். ஆண் பிறந்தால் "ஆண், அல்ல பெண்" என்று நிறுத்திப் படிப்பான். எப்படிப் பிறந்தாலும் தட்சணை அவனுக்கு. இதை ஜனங்கள் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கிறார்களே தவிர, மறுநாள் காலையில் பத்திரிகையைத் திறந்து, இன்று வரவும் இருக்கும் செலவும் இருக்கும், நெருங்கியவர்களிடம் ஜாக்கிரதை என்கிற ராசிபலனைப் பார்த்து, ஆமாம் சரியாகத்தான் போட்டிருக்கிறான் என்று தலையை ஆட்டுகிறார்கள். வரவும் செலவும் இல்லாத நாள் எந்த மனிதனுக்கு உண்டு? "கிழக்கே ஒரு கஷ்டம்" என்று குறிகாரி சொன்னால், ஆவடிக்குக் கிழக்கே அம்பத்தூரும் உண்டு, பர்மாவும் உண்டு, ஜப்பானும் உண்டு. எங்கே எது நடந்தாலும் குறி பலித்துவிட்டது. எந்த விதத்திலும் பொய்யாக முடியாத ஒரு வாக்கு எந்த விஷயத்தையும் சொல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய சங்கதி. வருகிற புதன்கிழமை மாலை நான்கு மணிக்குக் கோவில்பதாகை ஏரிக்கரையில் மழை பெய்யும் என்று ஒருவன் சொன்னால், அவன் தவறினால் தவறியது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே எந்த ஜோசியனும் அப்படிச் சொல்ல மாட்டான்.

சாமியின் பேரால் சொல்லுவது ஒருபுறமிருக்க, சத்தியத்தின் பேரால் சொல்லுவதைப் பாருங்கள். பாரதத்தில் துரோணரைப் போரில் வெல்ல முடியாதென்று கண்டபோது, அவர் மகன் அசுவத்தாமன் இறந்தான் என்ற செய்தியை அவர் காதில் போடத் தீர்மானிக்கிறார்கள். பீமன் அசுவத்தாமா என்ற பெயருள்ள ஒரு யானையைக் கொல்லுகிறான். துரோணர் யாரையும் நம்பாமல், பொய்யே சொல்லாதவர் என்று பேரெடுத்த தருமரைக் கேட்கிறார். தருமர் "அசுவத்தாமா இறந்தான்" என்பதை உரக்கவும், "யானை" என்பதைக் காதில் விழாதபடியும் சொல்லுகிறார். துரோணர் ஆயுதத்தைக் கீழே போடுகிறார், தலை போகிறது. அரிஸ்டாட்டில் சொன்ன ஒரே பெயர் இரண்டு பொருள் என்பது இங்கே கொலைக்கருவி ஆகிவிட்டது. ஆனால் ஒரு விஷயத்தை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதுவரையில் தரையில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த தருமரின் தேர், அந்தக் கணத்தில் தரையில் இறங்கிவிட்டது என்று பாரதமே எழுதி வைத்திருக்கிறது. கதை எழுதியவனுக்கே மனது கேட்கவில்லை. அதற்கு வியாக்கியானம் செய்ய வந்த பௌராணிகர்கள்தான் அது பொய்யல்ல, ஆபத்துக்குத் தர்மம் என்று இன்றளவும் சமாதானம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

இந்தச் சமாதானம் நம் நாட்டுப் பௌராணிகர்களுக்கு மட்டும் சொந்தமல்ல. இங்கிலாந்தில் பாராளுமன்றத்தையும் அரசனையும் வெடிமருந்து வைத்துத் தகர்க்க நடந்த 1605ஆம் வருஷத்துச் சதி வழக்கில், ஹென்றி கார்னெட் என்ற ஏசு சபைப் பாதிரியார் 1606 மே மாதம் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். மதத்தைக் காப்பாற்றுவதற்காகப் பாதிரிகள் விசாரணையில் இருபொருள்படப் பேசலாம், வாயால் பாதியைச் சொல்லி மீதியை மனத்துக்குள் முடித்துக்கொண்டால் அது பொய்யாகாது என்று வாதித்து அவர் ஒரு நூல் எழுதியிருந்தது வழக்கில் பெரிதும் அடிபட்டது. நீ பாதிரியா என்று கேட்டால் "அல்ல" என்று சொல்லிவிட்டு, "உன்னிடம் சொல்லும்படியான பாதிரி அல்ல" என்று மனத்துக்குள் சேர்த்துக்கொள்வது! அவர்களைப் பிடித்துக் கொல்லத் தேடிய சர்க்கார் மகா யோக்கியமானது என்று நாம் சொல்லவரவில்லை. உயிருக்குப் பயந்தவன் நழுவுவதை உயிரை வாங்க வருகிறவன் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நழுவுவதற்கே ஒரு சாஸ்திரம் எழுதிவிட்டால், பிறகு சத்தியம் என்பதற்கு என்ன மரியாதை இருக்கும்? ஷேக்ஸ்பியர் அந்தச் சமயத்தில் எழுதிய "மக்பெத்" நாடகத்தில், நரகத்து வாசலில் கதவு திறக்கிறவனாகத் தன்னைப் பாவித்துக்கொள்ளும் குடிகாரன் ஒருவன், இந்த இருபொருள் பேச்சுக்காரனையும் உள்ளே வரவேற்கிறான். கடைசியில் 1679இல் போப் 11ஆம் இன்னசெண்டே இந்த மனத்துக்குள் முடிக்கும் வித்தையைக் கண்டித்துத் தள்ளினார். தேர் தரையில் இறங்கியது போலத்தான் இதுவும்.

இவையெல்லாம் பழைய கதைகள், நமக்கென்ன என்று வாசகர்கள் நினைக்கலாம். நமக்கு வருகிற ஆபத்து கதையில் அல்ல, காகிதத்தில் வருகிறது.

1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் அமுலில் இருக்கிறது. அதன் 29ஆவது பிரிவு, பொருள் நிச்சயமில்லாததும் நிச்சயப்படுத்த முடியாததுமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதற்கு அந்தச் சட்டமே கொடுக்கிற எடுத்துக்காட்டு மிகவும் ரசமானது. ஒருவன் நூறு டன் எண்ணெய் விற்கிறேன் என்று எழுதிக் கொடுக்கிறான். எந்த எண்ணெய் என்று காட்ட ஒன்றும் இல்லையானால் அந்த ஒப்பந்தம் செல்லாது. ஆனால் விற்கிறவன் தேங்காய் எண்ணெய் வியாபாரம் மட்டுமே செய்கிறவன் என்றால், வேறு எண்ணெய்க்கு இடமில்லையாதலால் செல்லும். அதே வருஷத்தில் வந்த சாட்சியச் சட்டத்தில் (இதன் இடத்தில் 2024 ஜூலை முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது) ஒரு குதிரை வருகிறது. "என்னுடைய வெள்ளைக் குதிரை"யை விற்கிறேன் என்று எழுதியவனிடம் இரண்டு வெள்ளைக் குதிரைகள் இருந்தால், எந்தக் குதிரை என்று காட்டச் சாட்சி கொடுக்கலாம். ஆயிரம் ரூபாய்க்கு அல்லது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு என்று எழுதியிருந்தாலோ, எந்த விலை என்று காட்டச் சாட்சி கொடுக்க முடியாது. தொல்காப்பியர் மாவும் வெள்ளைக்காரன் குதிரையும் ஒரே லாயத்தில் கட்டப்பட்டிருப்பதைப் பாருங்கள்.

பெயர் ஒன்றாகி வந்த சண்டைக்கு இங்கிலாந்தில் 1864இல் தீர்ப்பான ஒரு வழக்கு உண்டு. பம்பாயிலிருந்து "பியர்லெஸ்" என்ற கப்பலில் வரும் சூரத்துப் பருத்தி 125 பொதி வாங்குவதாக ஒருவர் ஒப்பந்தம் செய்தார். பம்பாயிலிருந்து "பியர்லெஸ்" என்ற பெயரிலேயே இரண்டு கப்பல்கள் புறப்பட்டன. ஒன்று அக்டோபரில், மற்றொன்று டிசம்பரில். வாங்குகிறவர் மனத்தில் இருந்தது முந்தியது, விற்கிறவர் அனுப்பியது பிந்தியது. கோர்ட்டார் வாங்குகிறவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அரிஸ்டாட்டிலின் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். அசலான "ஈக்விவோகஸ்" இதுதான். இரண்டு கப்பலுக்கு ஒரே பெயர், யாரும் சூது செய்யவில்லை.

சூது செய்கிற இடத்துக்கு இனி வருவோம். ஒரு குடியானவனுக்குப் பெண் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும். கையில் ஏரிப் பாசன நிலம் கொஞ்சம் இருக்கிறது. கடன் கொடுக்கிறவன், அடமானம் எழுதினால் வீண் தொந்தரவு, கிரயமாகவே எழுதிக் கொடு, பணத்தைக் கொடுத்தால் நிலத்தைத் திருப்பி எழுதித் தருகிறேன், நம் இருவருக்குள் என்ன இருக்கிறது என்கிறான். இவனும் எழுதிக் கொடுக்கிறான். வாயில் இருப்பது அடமானம், காகிதத்தில் இருப்பது கிரயம். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 58ஆவது பிரிவில், பார்வைக்குக் கிரயமாக இருந்தாலும் நிபந்தனையால் அடமானமாகிற ஒரு வகை சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் 1929இல் அதற்கு ஒரு திருத்தம் வந்தது. திருப்பித் தருகிற நிபந்தனை அந்தக் கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை அடமானம் என்று கருத முடியாது. தனிக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாலும், கோவிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாலும், ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர் பக்கத்தில் இருந்தாலும், அதைக்கொண்டு கிரயத்தை அடமானம் ஆக்க முடியாது. இந்தச் செய்தி எத்தனை கிராமங்களுக்குத் தெரியும்? பஞ்சாங்கத்தில் இராகுகாலம் பார்த்துப் பத்திரப் பதிவு ஆபீசுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர், பத்திரத்தில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்? இராகுகாலம் தப்பினால் நிலம் போகாது. அந்த வரி தப்பினால் நிலம் போய்விடும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் மட்டும் கோர்ட்டுகள் தொல்காப்பியர் பக்கம் நிற்கின்றன என்று சொல்லலாம். காகிதத்தை எழுதியவன் கம்பெனிக்காரன். ஒப்பம் போடுகிறவன் அதில் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. ஆகையால் அதில் ஒரு வாக்கியம் இரண்டு விதமாக அர்த்தப்பட்டால், எழுதியவனுக்கு விரோதமாகவே அர்த்தம் பண்ண வேண்டும் என்பது பழைய ரோமானியர் காலத்திலிருந்து வரும் நியாயம். நம் சுப்ரீம் கோர்ட்டும் 1966இல் ஒரு இன்ஷூரன்ஸ் வழக்கில் சந்தேகம் இருந்தால் கம்பெனிக்கு எதிராகவே கொள்ள வேண்டும் என்று கூறியிருக்கிறது. இழப்பீடு இல்லை என்று கம்பெனி எழுதினால் உடனே மனமொடிந்து போகாமல், எந்த வாக்கியத்தைக் காட்டி மறுக்கிறார்கள், அந்த வாக்கியத்துக்கு வேறு அர்த்தமும் உண்டா என்று ஒரு வக்கீலைக் கேட்பது நல்லது.

சர்க்கார் காகிதத்துக்கோ இந்த நியாயம் எட்டுவதில்லை. தெருவில் சாக்கடை உடைந்திருக்கிறது என்று மனுக் கொடுத்தால், "தக்க நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் வருகிறது. யார் எடுப்பார்? எப்பொழுது? தக்கது என்று தீர்மானிப்பவர் யார்? நடவடிக்கை எடுக்கத் தேவையில்லை என்று பைலை மூடுவதும் தக்க நடவடிக்கைதானே? டெல்ஃபிக் கோவில் பூசாரிணி இன்றிருந்தால் அவளுக்கு நிச்சயமாக ஒரு ஆபீசில் நல்ல உத்தியோகம் கிடைத்திருக்கும். "பரிசீலனையில் உள்ளது" என்பதும் இந்தச் சாதியே. 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி, எழுதிக் கேட்டால் முப்பது நாளுக்குள் தகவல் தர வேண்டும். ஆனால் அங்கேயும் கேள்வியை மயங்க வைத்துக் கேட்டால் பதிலும் மயங்கித்தான் வரும். ஏன் செய்யவில்லை என்று கேட்பதைவிட, என் மனு எந்தத் தேதியில் எந்த அதிகாரி மேஜைக்குப் போயிற்று, அவர் அதில் எழுதிய குறிப்பின் நகல் வேண்டும் என்று கேட்டால், நழுவ இடம் குறைவு.

கடைசியாக, ராஜீய விஷயம். கோவில்பதாகைக்கு வெகு பக்கத்திலேயே இருக்கிறது ஆவடி. (இந்த ஆவடி என்ற பெயர் ஏதோ ராணுவ வண்டித் தொழிற்சாலையின் இங்கிலீஷ்ப் பெயரிலுள்ள முதலெழுத்துக்களால் ஆனது என்று படித்தவர்கள்கூடச் சொல்லுகிறார்கள். டாங்கித் தொழிற்சாலையில் முதல் விஜயந்தா வெளிவந்தது 1965இல். அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே நடந்த காங்கிரஸ் மகாநாட்டை உலகமெல்லாம் ஆவடி மகாநாடு என்றுதான் சொல்லிற்று. பெயருக்கு ஒரு பொருள் போதாதென்று இல்லாத பொருளை ஒட்டவைப்பதில் நம் ஜனங்களுக்கு இருக்கிற ஆசை அப்படி.) அந்த மகாநாடு 1955 ஜனவரியில் யு. என். தேபர் தலைமையில் கூடியது. நேரு முன்நின்று நிறைவேற்றிய தீர்மானம், இந்த நாட்டில் "சோஷலிஸ்டிக்" மாதிரியான சமுதாயத்தை அமைக்க வேண்டும் என்றது. கவனியுங்கள்: சோஷலிச சமுதாயம் என்று சொல்லவில்லை, சோஷலிஸத்தின் சாயலுள்ள மாதிரி ஒன்று என்றது. முக்கியமான உற்பத்திச் சாதனங்கள் சமுதாயத்தின் உடைமையாகவோ அல்லது கட்டுப்பாட்டிலோ இருக்கும் என்றது. அந்த "அல்லது" என்ற ஒரு சொல்லில் மில் முதலாளியும் மில் தொழிலாளியும் தத்தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். உடைமை என்று தொழிலாளி கேட்டான். கட்டுப்பாடு என்று முதலாளி கேட்டான். லைசென்ஸ் வாங்கிக்கொண்டால் கட்டுப்பாடு தீர்ந்தது. அந்தத் தீர்மானத்தால் நன்மையே விளையவில்லை என்று சொல்ல நாம் வரவில்லை. பெரிய தொழிற்சாலைகள் பல சர்க்கார் வசம் வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் எல்லோரையும் ஒரே பந்தலில் உட்கார வைத்தது கொள்கையல்ல, அந்தச் சொல்லின் இரண்டு முகம் என்பதை மறைக்க முடியாது.

1976இல், நெருக்கடி நிலை அமுலிலிருந்த காலத்தில், 42ஆவது திருத்தத்தால் அரசியல் சட்டத்தின் முகவுரையில் "சோஷலிஸ்ட்", "செக்யூலர்" என்ற இரண்டு சொற்கள் சேர்க்கப்பட்டன. இரண்டாவது சொல்லுக்கு ஒருவர் சொல்லும் பொருள், சர்க்காருக்கும் மதத்துக்கும் சம்பந்தமே இருக்கக்கூடாது என்பது. மற்றொருவர் சொல்லும் பொருள், எல்லா மதத்தையும் சமமாக மதிப்பது என்பது. முந்திய பொருள்படி மந்திரி சர்க்கார் வேலையாகக் கோவிலுக்குப் போகக்கூடாது. பிந்திய பொருள்படி கோவிலுக்கும் போய், தர்காவுக்கும் போய், மாதா கோவிலுக்கும் போய் மூன்று இடத்திலும் மாலை போட்டுக்கொண்டால் போதும். இரண்டும் ஒன்றாகுமா? எந்த மதத்தையும் நம்பாதவனுக்கு முந்தியதில் இடம் உண்டு. பிந்தியதில் அவன் எங்கே நிற்பான்? தமிழில் "மதச்சார்பற்ற" என்று எழுதுகிறோம். இந்தியிலோ 1987இல் வெளிவந்த அதிகாரபூர்வமான பாடத்தில், பலரும் பேசிவந்த "தர்ம நிரபேட்ச" என்பதைப் போடாமல், "பந்த நிரபேட்ச", அதாவது மார்க்கப் பிரிவுகளைச் சாராத, என்று போட்டார்கள். தர்மம் என்பதைத் தொடக்கூடாது என்பது அதன் உட்கருத்து என்று சிலர் வெளிப்படையாகவே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மயக்கத்தைத் தீர்க்க ஒரு முயற்சி நடக்கத்தான் நடந்தது. 1978இல் ஜனதா சர்க்கார் கொண்டுவந்த திருத்த மசோதாவில், "செக்யூலர்" என்றால் எல்லா மதங்களுக்கும் சம மரியாதை உள்ள குடியரசு என்றும், "சோஷலிஸ்ட்" என்றால் சமூக, ராஜீய, பொருளாதாரச் சுரண்டல் எதுவும் இல்லாத குடியரசு என்றும் விளக்கம் எழுதப்பட்டிருந்தது. அந்த விளக்கம் நமக்குப் பிடித்ததா என்பது வேறு. நமக்கு முதல் பாதி பிடிக்கவில்லை. என்றாலும் ஒரு பொருள் என்று ஒன்றை எழுதி வைத்தால், அதை எதிர்க்கிறவனாவது எதை எதிர்க்கிறோம் என்று தெரிந்து எதிர்ப்பான். லோக்சபை ஏற்றுக்கொண்டது, ராஜ்யசபை அந்த விளக்கத்தைத் தள்ளிவிட்டது. சொற்கள் மட்டும் முகவுரையில் நின்றுவிட்டன. 2024 நவம்பர் 25ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, அந்த இரண்டு சொற்களையும் நீக்க வேண்டுமென்று போடப்பட்ட மனுக்களைத் தள்ளி, சொற்கள் இருக்கட்டும் என்று சொல்லிற்று. சோஷலிஸ்ட் என்பதற்கு ஜனநலத்தைக் கவனிக்கிற சர்க்கார் என்பதே இங்கே பொருள், தனியார் தொழிலுக்கு அது தடையல்ல என்றும் சொல்லிற்று. ஆவடிப் பந்தலில் 1955இல் "அல்லது" என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்த இரண்டு பொருளில் எது ஜெயித்தது என்பது அறுபத்தொன்பது வருஷம் கழித்து வெளியாயிற்று. மற்றச் சொல்லின் பொருளை 1978இல் ஒரு வரியில் எழுதி வைக்க இணங்காதவர்கள் எந்தெந்தக் கட்சியார், அவர்கள் சொன்ன காரணம் என்ன என்பதெல்லாம் ராஜ்யசபை நடவடிக்கைப் புத்தகத்தில் அச்சாகி இருக்கிறது. வேண்டியவர்கள் எடுத்துப் படித்துப் பார்க்கலாம்.